மருந்து கேட்கவில்லை என்று இரண்டாம் நாளே முடிவு கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் விவசாயப் பக்கத்தில், நெல் தூரில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சி பற்றி வந்த கேள்வி பதிலைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சம்பா நெல்லுக்குப் புப்ரோபெசின் என்ற பூச்சி மருந்தை அடித்து 2 நாள் ஆகியும் பூச்சி அப்படியே இருக்கிறது, கடைக்காரர் போலி மருந்து கொடுத்துவிட்டாரா என்று ஒரு விவசாயி கேட்டிருந்தார். தாமதிக்காமல் வேறு மருந்து அடியுங்கள் என்று பதில் வந்திருந்தது. வேறு சில மருந்துகளுக்கு அந்தப் பதில் சரியாக இருக்கலாம். இந்த மருந்துக்கு அது தவறு, அதோடு வயலின் நிலைமையை இன்னும் மோசமாக்கவும் செய்யும். வேளாண்மைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஐப்பசி, கார்த்திகை வந்தால் என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இடம் போதாவிட்டால் சுருக்கிப் போடுங்கள், ஆனால் போடுங்கள்.

பூச்சி மருந்து என்றால் நரம்பைத் தாக்கும், அடித்த அரை மணியில் பூச்சி துடித்து விழும் என்றே நாம் பழகிவிட்டோம். புப்ரோபெசின் நரம்பைத் தாக்கிக் கொல்வதில்லை. பூச்சி தன் உடம்பில் கைட்டின் தயாரிக்கிற வேலையை அது நிறுத்துகிறது. காய்கறிக்கு அடிக்கிற நோவாலூரான், லூஃபெனூரான், கொசுப்புழுவுக்குப் போடுகிற டைஃப்ளூபென்சுரான் எல்லாமே இந்த வேலையைத்தான் நிறுத்துகின்றன. அப்படியானால் கைட்டின் என்பது என்ன, பூச்சிக்கு அது எப்போது தேவைப்படுகிறது என்று தெரிந்தால்தான் மருந்தை எப்போது அடிப்பது, எத்தனை நாள் பொறுப்பது என்பதெல்லாம் புரியும்.

குளுக்கோஸ் மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாக நேராகக் கோத்தால் செல்லுலோஸ். வைக்கோலும் பருத்தியும் மரமும் அதனால்தான் உறுதியாக இருக்கின்றன. அதே குளுக்கோஸில் ஒரு மூலையில் மட்டும் நைட்ரஜன் உள்ள ஒரு சிறு தொகுதியை மாட்டி அதே முறையில் கோத்தால் அதுதான் கைட்டின். அந்தச் சின்ன மாற்றத்தால் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றையொன்று இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன, தண்ணீரில் கரையாத, எளிதில் அறுபடாத இழைகள் உருவாகின்றன. புகையானின் தோல், சிலந்தியின் கால், தேளின் கொடுக்கு, இறால் ஓடு, நண்டு ஓடு எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். ஊசிக் கணவாயைக் கழுவும்போது உள்ளேயிருந்து உருவி எடுக்கிறோமே, கண்ணாடித் தகடு மாதிரி ஒன்று, அதுவும் கைட்டினும் புரதமும்தான். காளான், பூஞ்சணம், ஈஸ்ட் இவற்றின் செல் சுவரிலும் இது உண்டு. சொல்லப்போனால் கைட்டினை முதலில் பிரித்தெடுத்ததே காளானிலிருந்துதான்: 1811-ல் பிரான்ஸில் ஆன்ரி பிராக்கனோ என்பவர் செய்தார். 1823-ல் ஒகுஸ்த் ஓடியே அதையே வண்டின் இறக்கை மூடியில் கண்டு கைட்டின் என்று பெயர் வைத்தார். செல்லுலோஸைத் தனிப்பொருளாக அடையாளம் கண்டது அதற்கும் பிறகு, 1838-ல்தான்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கைட்டின் என்றாலே கெட்டியான ஓடு என்று பலரும் நினைக்கிறார்கள். சுத்தமான கைட்டின் வளையக் கூடிய, மிருதுவான பொருள். கம்பி கட்டிக் காங்கிரீட் போடுவது போல, கைட்டின் இழைகளை ஒரு திசையில் பரப்பி, அதன்மேல் கொஞ்சம் திசை திருப்பி அடுத்த வரிசை, அப்புறம் இன்னும் கொஞ்சம் திருப்பி அடுத்தது என்று அடுக்கி, இடையில் புரதத்தை நிரப்பி இறுக்கும்போதுதான் வண்டின் முதுகு அவ்வளவு கெட்டியாகிறது. இறாலும் நண்டும் புரதத்தோடு சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. கம்பளிப்புழுவில் அதே கைட்டின், ஆனால் புரதம் இறுகுவதில்லை, அதனால்தான் அது கையில் மெத்தென்று இருக்கிறது.

இப்படி வெளியே எலும்புக்கூடு வைத்திருக்கிற உயிருக்கு ஒரு சிக்கல். உடம்பு வளரும், ஓடு வளராது. எனவே பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது செய்துகொள்ள வேண்டும். முதலில் தோலடிச் செல்கள் பழைய ஓட்டிலிருந்து விலகுகின்றன. அந்த இடைவெளியில் ஒரு திரவம் சுரக்கிறது, அதில் கைட்டினைக் கரைக்கும் கைட்டினேஸ் என்ற நொதி இருக்கிறது, பழைய ஓட்டின் உட்பகுதியை அது கரைக்கக் கரைக்க அந்தச் சர்க்கரையை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது, அதே நேரத்தில் அடியில் புதுத் தோல் சுருக்கம் சுருக்கமாக நெய்யப்படுகிறது. பிறகு முதுகுப்பக்கம் பிளந்து பூச்சி வெளியே வரும், காற்றையோ நீரையோ விழுங்கி உடம்பை ஊதிக்கொண்டு சுருக்கத்தை விரிக்கும், சில மணி நேரத்தில் நிறமும் உறுதியும் வந்துவிடும். வீட்டில் சில நேரம் வெள்ளை வெளேரென்று ஒரு கரப்பான் தென்படுமே, அது அப்போதுதான் தோலுரித்து வந்தது.

தும்பி உரித்துவிட்டுப் போன கூடு நெல் தண்டில் ஒட்டிக்கொண்டிருப்பதை வயலில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதை எடுத்து முதுகுப் பிளவுக்குள் பாருங்கள். உள்ளே வெள்ளை நூல் நூலாகத் தொங்கும். அது மூச்சுக் குழாய்களின் உட்பூச்சு. வெளித்தோல் மட்டும் இல்லை, மூச்சுக் குழாயின் உள்பக்கம், உணவுக் குழாயின் முன்பகுதி, பின்பகுதி இவற்றின் உறைகூடக் கைட்டினால் ஆனவை, அவற்றையும் சேர்த்துத்தான் அது உருவிப் போடுகிறது. ஒரு பூச்சியின் வாழ்நாளில் இதைவிட ஆபத்தான நேரம் கிடையாது.

மருந்து குறிவைப்பது இந்த நேரத்தைத்தான். இது கண்டுபிடிக்கப்பட்ட விதமே கவனிக்க வேண்டியது. 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் பிலிப்ஸ்-டுபார் நிறுவனத்து வேதியியலாளர்கள் இரண்டு களைக்கொல்லிகளின் அமைப்பை இணைத்து ஒரு புதுப் பொருள் செய்தார்கள், நல்ல களைக்கொல்லி கிடைக்கும் என்ற எண்ணத்தில். களை சாகவில்லை. ஆனால் அதைத் தின்ற புழுக்கள் வழக்கம்போல் தின்று வளர்ந்து, அடுத்த தோலுரிப்பு வந்தபோது உரிக்க முடியாமல் செத்தன. டைஃப்ளூபென்சுரான் வந்தது அந்த வழியில்தான். புப்ரோபெசின் பிற்பாடு ஜப்பானில் வந்தது, வேதியியல் அமைப்பில் அதற்கும் இதற்கும் உறவே இல்லை, ஆனாலும் இரண்டும் கை வைப்பது கைட்டினை நெய்யும் ஒரே நொதியில்தான் என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலே பூச்சி இரண்டு வகை மருந்திலிருந்தும் தப்பித்துவிடுகிறது. முட்டைக்கோஸில் வைரமுதுகுப் பூச்சிக்கு நோவாலூரானை மாற்றி லூஃபெனூரான் அடித்துவிட்டு, மருந்தை மாற்றி மாற்றித்தான் அடிக்கிறேன் என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். டப்பா மாறினாலும் அது மருந்தை மாற்றியதாக ஆகாது.

சரி, புகையானுக்கு வருவோம். முட்டையிலிருந்து வந்த குஞ்சு 5 முறை தோலுரித்துத் தாய்ப்பூச்சி ஆகிறது. அதற்கு ஏறக்குறைய 2 வாரம் ஆகிறது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு குஞ்சும் 2, 3 நாளைக்கு ஒரு முறை தோலுரிக்கிறது. மருந்து உடம்பில் ஏறிய குஞ்சு உடனே சாகாது, சாறு உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அடுத்த உரிப்பு நெருங்கும்போதுதான் புதுத் தோலில் கைட்டின் இல்லாமல் கிழிந்து, நீர் கசிந்து, பழைய தோலிலிருந்து பாதி வெளியே வந்த நிலையில் மாட்டிக்கொண்டு சாகும். மருந்து அடித்த மறுநாள் உரிக்க வேண்டிய குஞ்சு மறுநாள் சாகும், இப்போதுதான் உரித்து முடித்த குஞ்சுக்கு இன்னும் 3 நாள் இருக்கிறது. ஆக, பலன் கண்ணுக்குத் தெரிய 3 நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். அந்த விவசாயி 2-ம் நாள் பார்த்தது மருந்து வேலை செய்துகொண்டிருந்த வயலைத்தான் என்பது என் கணிப்பு.

4-ம் நாள், 5-ம் நாள் வயலில் இறங்கி நாலைந்து இடத்தில் தூரை விலக்கிப் பாருங்கள், கையில் ஒரு லென்ஸ் இருந்தால் நல்லது. நல்லபடியாகத் தோலுரித்த குஞ்சுகள் விட்டுப்போன வெள்ளைச் சட்டைகள் இலையுறையிலும் தண்ணீரிலும் மிதந்துகொண்டிருக்கும், முழுசாக, காலெல்லாம் விரிந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல். மருந்தில் மாட்டியது அப்படி இருக்காது. வயிற்றைச் சுற்றிப் பழைய தோல் ஒட்டியிருக்கும், உடம்பு சுருங்கியிருக்கும், தொட்டால் நசுங்கும். இது கண்ணில் பட்டால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம், பொறுத்திருங்கள்.

தாய்ப்பூச்சிக்கு இது கேட்காது. அது தோலுரித்து முடித்துவிட்டது, இனி உரிக்கப் போவதில்லை. மருந்து பட்ட தாய்ப்பூச்சி இடுகிற முட்டைகள் சரியாகப் பொரிவதில்லை என்ற பலன் உண்டு, ஆனால் அந்தப் பூச்சி உயிரோடுதான் இருக்கும். எனவே இறக்கை முளைத்த தாய்ப்பூச்சி மொய்த்து, வயலில் வட்ட வட்டமாகக் காய ஆரம்பித்த பிறகு இதை மட்டும் நம்பி அடித்தால் பயிர் கைவிட்டுப் போகும், அந்த நிலைமைக்கு மருந்து வேறு. குஞ்சாக இருக்கும்போதே, தூருக்கு ஒன்று என்ற அளவு தெரிய ஆரம்பித்தவுடனேயே அடிக்க வேண்டிய மருந்து இது. அதையும் கதிரின்மேல் தெளித்துவிட்டு வரக்கூடாது, புகையான் இருப்பது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரில், எனவே கைத்தெளிப்பான் நுனி அங்கே போக வேண்டும். நடவின்போதே 8 அடிக்கு ஓர் அடி பட்டம், அதாவது நடக்க இடைவெளி, விடச் சொல்வது இதற்காகவும்தான். விடுகிறவர்கள் குறைவு.

இப்போது 2-ம் நாளே வேறு மருந்து அடித்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். அவசரத்தில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை பைரித்ராய்டு என்ற விலை குறைந்த நரம்பு மருந்து. அது முதலில் கொல்வது சிலந்தியையும், புகையான் முட்டையைத் தேடித் தேடிச் சாறு உறிஞ்சுகிற பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சியையும். புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு வாரத்தில் குஞ்சு பொரித்து வரும்போது அதைத் தின்ன வயலில் ஆளே இருக்காது. பைரித்ராய்டு அடித்தால் புகையான் பெருகும் என்று பல்கலைக்கழகமும் துறையும் பல வருடமாகச் சொல்லி வருகின்றன. புப்ரோபெசின் சிலந்தியையும் இந்த நாவாய்ப்பூச்சியையும் பெரும்பாலும் விட்டுவைக்கிறது என்பதுதான் அதன் பெரிய குணம். அந்தக் குணத்தைக் காசு கொடுத்து வாங்கி, இரண்டே நாளில் நாமே கெடுத்துக்கொள்கிறோம். பணம் போவதைக்கூட விடுங்கள், சிலந்தி செத்த வயலை அந்தப் பருவத்துக்குள் மீட்க முடியாது.

பூஞ்சையிலும் கைட்டின் இருக்கிறதே, நெல்லில் பூஞ்சையால் வருகிற குலை நோய்க்கும் இதே மருந்து கேட்குமா என்று ஒருமுறை ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. கேட்காது. பூஞ்சையில் கைட்டினை நெய்கிற நொதி பூச்சியினுடையதைப் போன்றதுதான், ஆனாலும் இந்த மருந்துகள் அதைத் தடுப்பதில்லை. பூஞ்சையின் நொதியைத் தடுக்க வேறு பொருள் இருக்கிறது: மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ஜப்பானில் 1960-களில் பிரித்தெடுத்த பாலியாக்சின், நெல்லின் இலையுறை கருகல் நோய்க்கு அங்கே அடித்தார்கள். நம் ஊரில் தொழு உரத்தில் கலந்து போடுகிற டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சை செய்வதும் இந்த வகை வேலைதான், அது நோய்ப் பூஞ்சையைச் சுற்றிக்கொண்டு கைட்டினேஸ் நொதியைச் சுரந்து அதன் செல் சுவரைக் கரைக்கிறது.

நெல் பயிருக்கே கைட்டினை அடையாளம் தெரியும் என்பது இன்னும் ஆச்சரியமான விஷயம். செடிகள் கைட்டின் தயாரிப்பதில்லை. எனவே செடியின் செல் அருகே கைட்டின் துண்டு ஒன்று வந்தால், வந்திருப்பது பூஞ்சையோ பூச்சியோதான். 2006-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் நெல் செல்லின் வெளிப்பரப்பில் இந்தத் துண்டைப் பிடிக்கிற புரதத்தைக் கண்டறிந்தார்கள். அது பிடித்ததும் செடி தன் எதிர்ப்பு வேலைகளை ஆரம்பிக்கிறது, கைட்டினேஸையும் சுரக்கிறது. குலை நோய்ப் பூஞ்சை அதற்கும் மேலே போய், தன் சுவரிலிருந்து உதிரும் துண்டுகளைச் செடி பிடிப்பதற்குள் தானே பிடித்து மறைத்துக்கொள்ள ஒரு புரதத்தை வெளிவிடுகிறது.

அதே கைட்டின் நட்புக்கும் உதவுகிறது. சம்பா அறுக்கும் முன் நாம் தெளிக்கிற உளுந்து, பயறு விதையோடு அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலக்கிறோம். அந்தப் பாக்டீரியா வேருக்கு அனுப்புகிற சேதி மூலக்கூறு, நாலைந்து கண்ணி மட்டும் உள்ள ஒரு குட்டிக் கைட்டின் சங்கிலிதான், ஒரு முனையில் கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கும். வேர் அதைப் படித்துவிட்டுக் கதவைத் திறந்து முடிச்சு போடுகிறது. நீளத் துண்டு வந்தால் சண்டை, கொழுப்பு வால் உள்ள குட்டித் துண்டு வந்தால் வரவேற்பு என்று ஒரு செடி பிரித்தறிகிறது என்பதைப் படித்த நாள் முதல் இந்தப் பொருள்மேல் எனக்குத் தனி மரியாதை. பள்ளிப் பாடத்தில் பூஞ்சையின் செல் சுவர் கைட்டினால் ஆனது என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம், விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்காவது இதைக் கூடுதலாகச் சொல்லித் தரலாம்.

கடைசியாக, உங்கள் பக்கத்தில் யாரும் பேசாத ஒன்று. மனிதரும் மாடும் ஆடும் கைட்டின் தயாரிப்பதில்லை, எனவே இந்த வகை மருந்து நம்மை நரம்பு மருந்து அளவுக்குத் தாக்காது என்பது உண்மை (முகக்கவசமும் கையுறையும் வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை). ஆனால் நம் வாய்க்காலில், வடிகாலில், முகத்துவாரத்தில் வாழ்கிற இறாலும் நண்டும் தயாரிக்கின்றன. குட்டி இறால் அடிக்கடி தோலுரிக்கும். டைஃப்ளூபென்சுரான், நோவாலூரான், லூஃபெனூரான் எல்லாம் நீரில் வாழும் ஓட்டு உயிர்களுக்கு மிகக் கடுமையான நஞ்சு. பட்டுப்புழுவுக்கும் அப்படியே, மல்பெரித் தோட்டத்துப் பக்கம் இவற்றை அடிக்கவே கூடாது. டெல்டாவின் கோரையாறு, பாமணியாறு போன்ற ஆறுகள் போய் விழுவது முத்துப்பேட்டைக் காயலில், அலையாத்திக் காட்டின் வேர்களுக்கிடையே இறால் குஞ்சுகள் வளர்கிற இடத்தில். வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணைகளும் இப்படிப்பட்ட நீர்வழிகளை ஒட்டித்தான் இருக்கின்றன. தோலுரித்த இறால் ஓடு இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் பண்ணைக்காரர் சுண்ணாம்பும் தாது உப்பும் போட்டுப் பார்க்கிறார், மேலே எந்த வயலில் என்ன அடித்தார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

புகையானுக்குத் தண்ணீரை வடித்துவிட்டு மருந்து அடி என்பது நல்ல யோசனை. ஆனால் அந்த வரிசை மாறக்கூடாது. முதலில் வடி, அப்புறம் அடி. நிறைந்த வயலில் அடித்துவிட்டு மறுநாள் மடையைத் திறந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மீதி மருந்தை வாய்க்காலில் ஊற்றுவதும், டேங்கை அங்கேயே கழுவுவதும் சர்வ சாதாரணமாக நடக்கிறது, கேட்டால் இது மனுஷனை ஒன்றும் செய்யாதாம் சார் என்கிறார்கள்.

எனவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். வந்த பதிலைத் திருத்தி, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். இனி பூச்சி மருந்துக் கேள்வி வந்தால் வயலில் இருப்பது குஞ்சா தாய்ப்பூச்சியா என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள். புப்ரோபெசின், நோவாலூரான் மாதிரி மருந்துகளைப் பரிந்துரைக்கும்போது எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும், அடித்த வயலின் தண்ணீரை வடிகாலில் விடக்கூடாது என்பதையும் சேர்த்தே போடுங்கள். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து மீனவர்களும் உங்கள் பத்திரிகையைத்தான் வாசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.